வீட்டுக் கேமராவின் திறந்த வாசல்கள்

வீட்டுக்குக் கண்காணிப்புக் கேமரா வாங்குகிறவர்கள் கடையில் கேட்கும் கேள்விகள், படம் தெளிவாக இருக்குமா, இரவில் தெரியுமா, எத்தனை நாள் பதிவு நிற்கும், கைபேசியில் பார்க்கலாமா என்ற நான்கோடு பெரும்பாலும் முடிந்துவிடுகின்றன. கைபேசியில் பார்க்க முடிகிறது என்றால் அந்தப் படம் ஏதோ ஒரு வழியாக வீட்டைவிட்டு வெளியேறுகிறது என்பதும், அந்த வழியில் வீட்டாரைத் தவிர வேறு யார் வந்து நிற்க முடியும் என்பதும் பேச்சில் வருவதே இல்லை. கேட்கப்படாத இந்தக் கேள்வியை மூலதனமாக வைத்து, அடுத்தவர் வீட்டின் அந்தரங்கத்தை விலைக்கு விற்கும் சந்தை ஒன்று பல நாடுகளில் வளர்ந்திருக்கிறது.

2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் தென் கொரியக் காவல்துறை, வீடுகளிலும் வணிக இடங்களிலும் இருந்த ஏறத்தாழ 1,20,000 இணையக் கேமராக்களுக்குள் அத்துமீறி நுழைந்ததாக நான்கு பேரைக் கைது செய்திருப்பதாக அறிவித்தது. அவர்களில் ஒருவர் 63,000 கேமராக்களிலிருந்து 545 காணொளிகளையும், இன்னொருவர் 70,000 கேமராக்களிலிருந்து 648 காணொளிகளையும் உருவாக்கி, வெளிநாட்டிலிருந்து இயங்கிய ஆபாச இணையதளம் ஒன்றின் வழியாக விற்றிருந்தனர். நால்வரும் கூட்டுச் சேராமல் தனித்தனியாகவே இயங்கினார்கள் என்று காவல்துறை கூறியது. இருவருடைய எண்ணிக்கையைக் கூட்டினாலே மொத்தத்தை விஞ்சிவிடுவதால், ஒரே கேமராவுக்குள் ஒருவரையொருவர் அறியாத இருவர் நுழைந்து பார்த்திருக்கிறார்கள் என்று தெரிகிறது. ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்ப இடுவது, எண்களை வரிசையாக அடுக்குவது போன்ற எளிய கடவுச்சொற்களே அவர்களுக்கு வழி திறந்துவிட்டன. அதே ஆண்டு பிப்ரவரியில், குஜராத்தின் ராஜ்கோட் நகரிலுள்ள மகப்பேறு மருத்துவமனை ஒன்றில் பெண்கள் பரிசோதிக்கப்படும் காட்சிகள் யூடியூபில் விளம்பரப்படுத்தப்பட்டு, டெலிகிராம் குழுக்களில் விற்கப்பட்டது வெளிச்சத்துக்கு வந்தது. விசாரணை விரிந்தபோது, வேறு பல மாநிலங்களிலிருந்த கேமராக்களும் திறக்கப்பட்டிருந்தது தெரியவந்தது.

இத்தகைய செய்திகளைப் படிக்கிறவர்கள், அபாரத் திறமை கொண்ட ஒருவர் வலிய பூட்டை உடைத்து உள்ளே நுழைந்தார் என்று எண்ணிக்கொள்வது இயல்பு. ஆயினும் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வெளியான நிகழ்வுகளை அடுக்கிப் பார்த்தால், உடைக்கப்பட்ட பூட்டுகளைவிட, தயாரித்தவரோ விற்றவரோ பொருத்தியவரோ பூட்டாமல் விட்டுச்சென்ற வாசல்களே அதிகம் என்பது புலப்படுகிறது. ஆகவே, கடவுச்சொல்லை மாற்றுங்கள் என்ற ஒற்றை அறிவுரையை வீட்டாரின் தலையில் ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்வது நியாயமாகாது. வாசல் எத்தனை, அவற்றை வைத்தவர் யார், வீட்டாரால் அடைக்கக்கூடியவை எவை என்பதைத் தனித்தனியே பிரித்தறிய வேண்டியிருக்கிறது.

கடவுச்சொல் வைத்திருந்தும் காப்பாற்றப்படாதவர்களின் கதைக்கு டிரெண்ட்நெட் நிறுவனத்தின் கேமராக்கள் தெளிவான சான்று. அவற்றை இயக்கிய மென்பொருளில் இருந்த பிழை காரணமாக, உரிமையாளர் கடவுச்சொல் இட்டுப் பூட்டியிருந்த கேமராவின் நேரலையைக்கூட, இணைய முகவரி தெரிந்த எவரும் கடவுச்சொல் இல்லாமலேயே பார்க்க முடிந்தது. 2012ஆம் ஆண்டு ஜனவரியில் ஒருவர் இதைக் கண்டுபிடித்து வெளியிட்டதும், தொட்டிலில் உறங்கும் குழந்தைகளும் விளையாடும் சிறுவர்களும் தெரியும் ஏறத்தாழ 700 நேரலைகளுக்கான இணைப்புகள் இணையத்தில் பரவின. அமெரிக்க நுகர்வோர் நலனைக் காக்கும் கூட்டாட்சி வணிக ஆணையம் தொடுத்த நடவடிக்கை 2013 செப்டம்பரில் உடன்பாட்டில் முடிந்தது. அந்நிறுவனம் 20 ஆண்டுகளுக்கு, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியார் தணிக்கைக்குத் தன் பாதுகாப்பு ஏற்பாடுகளை உட்படுத்த வேண்டும் என்று அதில் விதிக்கப்பட்டது. இணையத்தோடு இணையும் வீட்டுப் பொருள்கள் தொடர்பாக அந்த ஆணையம் எடுத்த முதல் நடவடிக்கை அதுவே.

படம் வெளியேறும் வழிகளில் பழமையானது, ரௌட்டரில் திறந்துவிடப்படும் வாசல். இணையக் கம்பி வீட்டுக்குள் நுழையும் இடத்தில் நிற்கும் ரௌட்டர், உள்ளிருந்து வெளியே செல்லும் கோரிக்கைகளை அனுமதித்து, வெளியிலிருந்து தானாக உள்ளே வர முயல்வதைத் தடுத்துவிடும் இயல்புடையது. அலுவலகத்திலிருந்தோ வெளியூரிலிருந்தோ வீட்டுக் கேமராவைப் பார்ப்பதற்காக, போர்ட் எனப்படும் எண்ணிட்ட வாசல்களில் ஒன்றைத் திறந்து, அதில் வருகிறவர்களை நேரே கேமராவிடமோ, கேமராக்களின் படத்தைச் சேமித்து வைக்கும் டிவிஆர் பெட்டியிடமோ அனுப்பிவைக்கும்படி ரௌட்டருக்குச் சொல்லிவைப்பது போர்ட் ஃபார்வர்டிங். கேமராக்கள் நேரலைக்குப் பயன்படுத்தும் ஆர்டிஎஸ்பி என்ற முறைக்கு 554 என்ற எண் உலகெங்கும் பொதுவானது என்பதால், வாசலைத் தேடி அலைய வேண்டிய தேவையே அந்நியருக்கு இல்லை. இணையத்தில் திறந்திருக்கும் கருவிகளை இரவு பகலாகத் தட்டிப் பார்த்துப் பட்டியலிடும் ஷோடான் போன்ற தேடுபொறிகள் 2009 முதலே இயங்கிவருகின்றன. யுபிஎன்பி என்ற வசதி இன்னும் ஆபத்தானது. வீட்டுக்குள் இருக்கும் கருவி கேட்ட மாத்திரத்தில், வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேளாமல் ரௌட்டர் தானே வாசலைத் திறந்துவிடும் ஏற்பாடு அது.

அந்த வாசலில் நிற்கும் கேமராவின் கடவுச்சொல், தொழிற்சாலையில் இட்டபடியே இருந்தால் என்னவாகும் என்பதை 2016ஆம் ஆண்டு மிராய் என்ற தீநிரல் காட்டியது. 60க்குச் சற்றே அதிகமான தொழிற்சாலைக் கடவுச்சொல் இணைகளை மட்டும் வைத்துக்கொண்டு, கேமராக்களையும் டிவிஆர் பெட்டிகளையும் லட்சக்கணக்கில் கைப்பற்றிய அது, அக்டோபர் 21ஆம் நாள் இணையதளப் பெயர்களுக்கு முகவரி காட்டும் அமெரிக்காவின் டைன் நிறுவனத்தின் வழங்கிகளைத் திணறடித்து, டிவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் உள்ளிட்ட தளங்களைப் பல மணி நேரம் முடக்கியது. வேறு சமயங்களில் கடவுச்சொல்லே தேவைப்படவில்லை. ஹிக்விஷன் நிறுவனத்தின் பல கேமராக்களில் உள்நுழைவுச் சோதனையைத் தாண்டிச் செல்ல இடமளித்த குறை 2017இலும், கடவுச்சொல் இல்லாமலேயே கேமராவுக்குக் கட்டளையிட இடமளித்த குறை 2021இலும் வெளிப்பட்டன. இரண்டுக்கும் நிறுவனம் திருத்தம் வெளியிட்டது. ஆனால், கேமராவின் உள்ளே தங்கி அதை இயக்கும் ஃபர்ம்வேர் என்ற மென்பொருளுக்குத் திருத்தம் வந்திருக்கிறது என்று, சுவரில் கேமராவை மாட்டிவிட்டு மறந்துபோன வீட்டாருக்கு யார் வந்து சொல்வது?

இந்தியாவின் பல இணையச் சேவை நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்தளிப்பதால், இந்தப் பழைய வழி இங்கே எல்லா வீட்டிலும் வேலை செய்வதில்லை. நிலையான முகவரி வாங்கிய கடைகளிலும் மருத்துவமனைகளிலும்தான் அது பெரிதும் பயன்படுகிறது. வீடுகளுக்கு வந்து சேர்ந்திருப்பது இரண்டாவது வழி. கேமரா தானே வெளியே சென்று நிறுவனத்தின் வழங்கியில் தன் இருப்பைப் பதிந்துகொள்ள, கைபேசிச் செயலியும் அதே வழங்கியிடம் வந்து விசாரிக்க, திருமணத் தரகரைப் போல அந்த வழங்கி இரு தரப்பையும் அறிமுகப்படுத்தி வைக்கிறது. ரௌட்டரில் எதையும் திறக்க வேண்டியதில்லை என்பதால் பொருத்துகிறவருக்கு வேலை மிச்சம். ஆனால், கேமராவின் அடியில் ஒட்டியிருக்கும் சிறிய தாளில், கியூஆர் குறியீட்டுக்குக் கீழே அச்சிட்டிருக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த அடையாளக் குறிதான் அந்த அறிமுகத்துக்கு ஆதாரம் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. மலிவான கேமராக்கள் பலவற்றில் பயன்பட்ட ஐலிங்க்பிடுபி என்ற மென்பொருளில் இந்தக் குறிகளை ஊகித்துவிட முடியும் என்று 2019இல் நிறுவப்பட்டது. 20 லட்சத்துக்கு மேற்பட்ட கருவிகள் அப்போது ஆபத்தில் இருந்தன. 2021 ஆகஸ்டில், த்ரூடெக் என்ற தைவான் நிறுவனத்தின் கலே என்ற தளத்தில், ஒரு கேமராவின் குறியை அறிந்தவர் அந்தக் கேமராவாகவே நடித்து உரிமையாளரின் கடவுச்சொல்லைப் பெற்றுவிடக்கூடிய குறை வெளியாயிற்று. அந்தத் தளத்தில் 8 கோடிக்கு மேற்பட்ட கருவிகள் இயங்குவதாக நிறுவனமே விளம்பரப்படுத்தியிருந்தது. கேமராவின் படத்தைச் சமூக ஊடகத்தில் பெருமையோடு பகிர்கிறவர்களும், பழைய கேமராவை விற்பதற்காகப் படம் எடுத்துப் போடுகிறவர்களும், அந்தத் தாள் தெரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது இதனாலேயே.

அறிமுகம் செய்துவைக்கும் நிறுவனமே தவறக்கூடும் என்பதற்கும் சான்றுகள் உண்டு. 2024 பிப்ரவரியில் வைஸ் நிறுவனத்தின் வழங்கிகள் தடைபட்டு மீண்டபோது, ஏறத்தாழ 13,000 பேருக்குப் பிறர் வீட்டுக் கேமராக்களின் படத்துணுக்குகள் போய்ச் சேர்ந்தன. அமேசானுக்குச் சொந்தமான ரிங் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர், பெண்களின் படுக்கையறை, குளியலறை போன்ற இடங்களிலிருந்த கேமராக்களின் பதிவுகளை மாதக்கணக்கில் ஆயிரக்கணக்கில் பார்த்துவந்தார் என்று கூட்டாட்சி வணிக ஆணையம் 2023இல் குற்றம் சாட்ட, அந்த வழக்கு 58 லட்சம் டாலர் செலுத்துவதாக நிறுவனம் ஏற்றுக்கொண்டு முடிந்தது. கேமராவிலிருந்து கைபேசி வரை இடையில் எவராலும் திறக்க முடியாதபடி படத்தைச் சங்கேதமாக்கி அனுப்பும் முனைக்கு முனை மறையாக்கம் என்ற வசதி ஒரு செயலியில் இருக்குமானால், அதை இயக்கி வைப்பதே இத்தகைய ஊழியர்களிடமிருந்து காக்கும்.

மூன்றாவது வாசல், கணக்கின் கடவுச்சொல். வேறொரு தளத்திலிருந்து கசிந்த மின்னஞ்சல் முகவரியையும் கடவுச்சொல்லையும் கேமராச் செயலியில் இட்டுப் பார்ப்பது மிக எளிய திருட்டு. எல்லா இடத்துக்கும் ஒரே கடவுச்சொல் வைத்திருப்பவர்களே அதற்கு இரையாகிறார்கள். 2019 டிசம்பரில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், எட்டு வயதுச் சிறுமியின் படுக்கையறைக் கேமராவுக்குள் நுழைந்த அந்நியன், தன்னைக் கிறிஸ்துமஸ் தாத்தா என்று சொல்லிக்கொண்டு அவளிடம் பேச்சுக் கொடுத்ததை அக்கேமராவே பதிவு செய்திருந்தது. கடவுச்சொல்லோடு கைபேசிக்கு வரும் ஓடிபியையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பை அந்தக் கேமராவை விற்ற ரிங் நிறுவனம் எல்லோருக்கும் கட்டாயமாக்கியது அதன் பிறகுதான். பல செயலிகளில் அது இன்றும் பயனர் தேடிப்போய் இயக்க வேண்டிய விருப்பமாகவே கிடக்கிறது.

தமிழகத்தில் பேசப்பட வேண்டிய நான்காவது வாசல் ஒன்று இருக்கிறது. கேமரா பொருத்த வருகிறவர், வேலை முடியும் தறுவாயில் டிவிஆர் பெட்டியின் கியூஆர் குறியீட்டைத் தம் கைபேசியில் வருடி, கருவியைத் தம் கணக்கிலேயே பதிந்துகொண்டு, பிறகு வீட்டாரின் எண்ணுக்குப் பகிர்ந்துவிட்டுச் செல்லும் வழக்கம் பரவலாக இருக்கிறது. கடவுச்சொல்லும் பெரும்பாலும் அவர் எல்லா வீட்டுக்கும் வைக்கும் ஒன்றாகவே, கடைப்பெயரும் 123உம் சேர்ந்ததாகவோ வீட்டாரின் கைபேசி எண்ணாகவோ இருக்கும். பழுது வந்தால் இருந்த இடத்திலிருந்தே சரிசெய்யலாம் என்பதுதான் அவர்கள் சொல்லும் காரணம், அதில் கெட்ட எண்ணம் இருக்க வேண்டும் என்பதில்லை. எனினும், பணம் கொடுத்து வாங்கிய கருவியில் வீட்டார் விருந்தாளியாகவும், பொருத்தியவர் உரிமையாளராகவும் இருக்கும் நிலை அது. அவர் வேலை மாறினாலும், அவருடைய கைபேசி தொலைந்தாலும் அந்த வீட்டின் கூடம் வேறு யாருடைய கையிலோ இருக்கிறது. செயலியில் கேமராவின் பெயருக்கு அருகில் 'பகிரப்பட்டது' என்ற குறிப்புத் தென்பட்டால் நிலைமை இதுவே என்று கொள்ளலாம். பொருத்துகிறவர் வீட்டைவிட்டுக் கிளம்புவதற்கு முன்பே, அவருடைய கணக்கிலிருந்து கருவியை நீக்கச் சொல்லி, வீட்டாரின் மின்னஞ்சலில் புதிதாகப் பதிந்து, அவர் எதிரிலேயே கடவுச்சொல்லை மாற்றிக்கொள்வதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. டிவிஆர் பெட்டிக்குள் உள்ள பயனர் பட்டியலையும் அப்போதே திறந்து, தெரியாத பெயர் எதுவும் மிச்சமிருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

மற்ற வாசல்களை அடைக்கும் வேலை ஒரு பிற்பகலுக்குள் முடியக்கூடியது. ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தில் யுபிஎன்பி வசதியை நிறுத்திவிட்டு, போர்ட் ஃபார்வர்டிங் அட்டவணையில் காரணம் தெரியாத வரிகளை அழித்துவிட வேண்டும். ரௌட்டரின் சொந்தக் கடவுச்சொல்லும் தொழிற்சாலையில் இட்டபடியே இருக்கக்கூடும் என்பதால் அதையும் மாற்ற வேண்டும். விருந்தினர் வைஃபை என்ற தனி இணைப்பை உருவாக்கிக் கேமராக்களை அதில் மட்டும் சேர்த்துவிட்டால், ஒரு கேமரா பிறர் கைக்குப் போனாலும் வங்கிக் கணக்கு இயங்கும் மடிக்கணினிக்கு அங்கிருந்து எளிதில் தாவ முடியாது. ஃபர்ம்வேர் திருத்தங்களைத் தானாக ஏற்கும்படி அமைத்துவிட வேண்டும். தயாரிப்பு நிறுவனம் கைவிட்டு, திருத்தமே வராமல் நின்றுபோன கேமராவை இணையத்திலிருந்து துண்டித்து, உள்ளூர்ப் பதிவுக்கு மட்டும் வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

இவை அனைத்தையும் செய்து முடித்த பின்னும் மிஞ்சி நிற்பது, கேமரா எதைப் பார்க்கிறது என்ற கேள்வி. படுக்கையறையிலும் குளியலறைப் பக்கமும் கேமரா கூடாது, கூடத்தில் வைக்கலாம் என்று மேல்நாட்டுக் கையேடுகள் சொல்வது, ஒவ்வொரு காரியத்துக்கும் ஓர் அறை ஒதுக்கப்பட்ட வீட்டுக்குப் பொருந்தும். தமிழகத்தின் சிறிய வீடுகளில் கூடமே இரவில் பாய் விரிக்கும் இடம், குழந்தைக்குப் பாலூட்டும் இடம், குளித்துவிட்டு ஈரத் தலையோடு பெண்கள் கடந்துபோகும் இடம், கோடையில் மேலாடை களைந்து தாத்தா காற்று வாங்கும் இடம். பிள்ளைகள் பெங்களூரிலோ துபாயிலோ அமெரிக்காவிலோ இருக்க, முதிய பெற்றோர் தனியே வாழும் வீடுகளில் இந்தக் கூடத்தை நோக்கித்தான் கேமரா மாட்டப்படுகிறது. அம்மா விழுந்துவிட்டால் தெரிய வேண்டும் என்ற கவலை உண்மையானது, அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால், மகனுக்காக மாட்டிய கேமராவுக்கு முன் அம்மா நாள் முழுவதும் வாழ்கிறார் என்பதும், மருமகளும் வேலைக்கு வரும் பெண்ணும் அதே சட்டகத்துக்குள் நடமாடுகிறார்கள் என்பதும், அவர்களுடைய ஒப்புதல் கேட்கப்படாமலேயே நடந்துவிடுகிறது. கேமராவின் கோணத்தைத் தெருவாசலின் உட்புறத்துக்கு மட்டும் திருப்பிவைத்து, படத்தில் மறைக்க வேண்டிய பகுதியைக் கறுப்பாக்கும் வசதியால் கூடத்தின் மற்றப் பகுதிகளை மறைத்துவிட்டு, வீட்டில் துணைக்கு ஆள் இருக்கும் நேரத்தில் கேமராவின் மின்சாரத்தையே நிறுத்திவிடும் சுவிட்ச் ஒன்றை அம்மாவின் கைக்கெட்டும் உயரத்தில் வைத்துக் கொடுப்பதுதான் மரியாதையான ஏற்பாடு. கேமராவின் ஒலிவாங்கியும் மறக்கப்படக் கூடாதது. கூடத்தில் நின்றபடி தொலைபேசியில் உரக்கச் சொல்லப்படும் வங்கி விவரங்கள் முழுவதையும் அது கேட்டுக்கொண்டிருக்கிறது. தேவையில்லாத இடத்தில் ஒலிப்பதிவை நிறுத்திவைக்கச் செயலியிலேயே வசதி உண்டு.

ஒரே வீட்டில் வாழ்கிறவர்களின் ஒப்புதல் என்பது இப்போது வெறும் பண்பாட்டுக் கேள்வியாக இல்லை. கூட்டாகக் குடியிருக்கும் வீட்டின் வசிப்பிடப் பகுதிக்குள், உடன் வாழ்கிறவர்களின் சம்மதமின்றிக் கேமராவை இயக்குவது அவர்களுடைய அந்தரங்க உரிமையை மீறுவதாகும் என்று கல்கத்தா உயர்நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் தலையிட, 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அளித்த தீர்ப்பு, அரசுக்கும் குடிமகனுக்கும் இடையிலான வழக்கிலிருந்து பிறந்தது. அது குடும்பத்தின் கூடம் வரை வந்து சேர்ந்திருப்பது வரவேற்கத்தக்கது.

விற்பவர் பக்கத்திலும் கட்டுப்பாடுகள் மெல்ல இறுகிவருகின்றன. எல்லாக் கருவிகளுக்கும் ஒரே தொழிற்சாலைக் கடவுச்சொல் இடுவதைப் பிரிட்டன் 2024 ஏப்ரல் 29 முதல் தடை செய்து, எத்தனை காலம் திருத்தங்கள் தரப்படும் என்பதை விற்கும்போதே அறிவிக்க வேண்டும் என்றும் விதித்தது. இந்தியாவில், மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2024 ஏப்ரலில் வெளியிட்ட ஆணையின்படி, கண்காணிப்புக் கேமராக்கள் இணையப் பாதுகாப்புச் சோதனையில் தேறிய பின்பே சந்தைக்கு வர வேண்டும் என்ற விதி 2025 ஏப்ரல் 9 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. நல்ல விதிதான். ஆனால், அதற்கு முன் விற்கப்பட்டு லட்சக்கணக்கான சுவர்களில் தொங்கிக்கொண்டிருக்கும் கேமராக்களை அது தொடுவதில்லை, பொருத்துகிறவர் தம் கணக்கில் பதிந்துகொள்ளும் வழக்கத்தையும் அது தொடுவதில்லை. பொருத்தும் தொழிலுக்கும் உரிமமும் பொறுப்பும் வகுக்கப்பட்டாலன்றி அந்த நான்காவது வாசல் அடைபடாது.

அத்துமீறல் நடந்திருக்கிறது என்ற ஐயம் எழும்போது, தலை சுழலும் கேமரா யாரும் இயக்காமல் திரும்புவதும், அதன் ஒலிபெருக்கியில் அறியாத குரல் கேட்பதும், செயலியின் உள்நுழைவுப் பட்டியலில் தெரியாத ஊரோ கைபேசியோ தென்படுவதும் முக்கிய அறிகுறிகள். பதற்றத்தில் கேமராவைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பிவிடுகிறவர்கள், நுழைந்தவர் விட்டுச்சென்ற தடயங்களையும் சேர்த்து அழித்துவிடுகிறார்கள். முதலில் மின்சாரத்தைத் துண்டித்து, செயலியின் உள்நுழைவுப் பட்டியலைத் தேதியும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, மெமரி கார்டைத் தனியே எடுத்துவைத்த பிறகே கடவுச்சொற்களை மாற்ற வேண்டும். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலோ மாவட்ட சைபர் குற்றப் பிரிவிலோ புகார் அளிக்கும்போது அந்தப் பதிவுகளே கைகொடுக்கும்.

சட்டம் இங்கே வலுவற்றதாக இல்லை. நேர்மையற்ற நோக்கத்தோடோ மோசடி நோக்கத்தோடோ அனுமதியின்றி ஒரு கருவிக்குள் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளின்கீழ் மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம். ஒருவரின் அந்தரங்க உறுப்புகளைச் சம்மதமின்றிப் படமெடுப்பதும் பரப்புவதும் 66இ பிரிவின்கீழ் வரும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவு, தனிமையில் இருக்கும் பெண்ணைப் பதிவு செய்வதை மட்டுமன்றி, ஒளிந்து பார்ப்பதையே குற்றமாகக் கொள்கிறது. முதல் முறைக்கு ஓராண்டுக்குக் குறையாமல் மூன்றாண்டு வரையிலும், மறுமுறைக்கு ஏழாண்டு வரையிலும் சிறை விதிக்க அதில் இடமுண்டு. படமெடுக்கச் சம்மதித்திருந்தாலும் பரப்பச் சம்மதிக்கவில்லை என்றால், பரப்பியது குற்றமே என்றும் அப்பிரிவு விளக்குகிறது. தம் வீட்டில் தாமே மாட்டிய கேமராவில் பதிவான படம் என்பதால் புகார் கொடுக்க வழியில்லை என்று எண்ணித் தயங்கும் பெண்களுக்கு இந்த விளக்கம் தெரிந்திருக்க வேண்டியது மிக அவசியம். காட்சி ஏற்கெனவே பரவிவிட்டதென்றால், அது வெளியாகியிருக்கும் தளத்தின் குறைதீர் அலுவலருக்குப் பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் வேறொருவரோ எழுதலாம். அத்தகைய புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் தளம் அதை நீக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2021ஆம் ஆண்டின் இடைநிலையர் விதிகள் வரையறுத்தன. காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதிவாகும் வரை இதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டையும் ஒரே நாளில் செய்யலாம்.